பத்து மாத அட்வான்ஸ்: வேளச்சேரி வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை வேளச்சேரியில் வீடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஊரில் பதினாறு ஆண்டுகளாகக் குடித்தனம் இருக்கிறேன். இப்போது இருப்பது நான்காவது வீடு. என் மகள் இங்கேதான் பிறந்தாள். வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். கணவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் மாதம் 52,000 ரூபாய் வரும்.

சென்ற வாரம் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்று வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "ஆனியிலிருந்து வாடகை 23,000. அட்வான்ஸையும் அதற்குத் தகுந்தபடி சரிசெய்துவிடுங்கள்." இப்போது நாங்கள் கொடுப்பது 18,000. கையில் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ் 1,80,000. அது 2,30,000 ஆக வேண்டுமாம். அதாவது, நாங்கள் அதே வீட்டில், அதே குழாயடியில், அதே ஒழுகும் கழிவறைக் கூரைக்குக் கீழே தொடர்ந்து இருப்பதற்கு ஆனி முதல் தேதி 50,000 ரூபாய் புதிதாக எடுத்து வைக்க வேண்டும். அது போக மாதம் 5,000 கூடுதல்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தெருவில் எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்கிறார். பக்கத்து வீட்டில் வாங்குகிறார்கள், எதிர் வீட்டில் வாங்குகிறார்கள் என்றுதான் சொன்னார். ஒருவரிடம் பேசித் தீர்க்கிற காரியமாக இது இல்லை என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வாடகை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் எழுதவில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது. 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. 2013-இல் பீனிக்ஸ் மால் திறந்தார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ, அங்கே வேலை பார்க்கிறவர்கள் இங்கே வீடு தேடினார்கள். நல்ல சம்பளம் வாங்கும் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்கு என்ன வாடகை சொல்ல முடியுமோ, அதுவே தெருவின் வாடகையாகிவிட்டது. பிள்ளைகள் பிழைக்க வந்திருக்கிறார்கள், அவர்கள் மீது தவறில்லை. கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கும்போது குறைத்து வாங்குங்கள் என்று உங்களிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்க வந்தது அட்வான்ஸைப் பற்றி.

வாடகை அதிகம் என்றால் சிக்கனம் பிடித்தாவது கட்டலாம். காய்கறியில் குறைக்கலாம், பஸ்ஸில் போகலாம். அட்வான்ஸ் அப்படியில்லை. அது ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கப்படும் பணம். அந்த நாளில் அது கையில் இல்லையென்றால் வாடகை கட்டும் தகுதி இருந்தும் வீடு இல்லை. எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே ஓர் அறையில் குடும்பத்தோடு இருந்தவர். அறையைக் காலி செய்யச் சொன்னபோது வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அடுத்த அறைக்கு 70,000 அட்வான்ஸ் கேட்டார்கள். இப்போது மேடவாக்கத்துக்கும் அப்பால் இருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து, நம் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறார்.

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்களிடம் கொடுத்து வைத்த 1,80,000 ரூபாயை வங்கியில் 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 12,600 வரும். மாதம் 1,050. அந்த வருமானம் எனக்கு வரவில்லை; ஆகவே நான் கொடுக்கும் உண்மையான வாடகை 18,000 இல்லை, 19,050. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வீர்கள். இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போனால் அது மாதத்துக்கு 750. ஆக 19,800. புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகையையும் அதே போலப் பிரித்துப் போட்டால் 20,550. டூ லெட் பலகையைப் பார்த்துப் போன் செய்தபோது சொன்னது 18,000.

இது கையில் பணம் இருப்பவர் கணக்கு. எங்களுக்கு அது கடனாக வந்தது. இந்த வீட்டுக்கு வரும்போது பழைய வீட்டில் எங்கள் அட்வான்ஸ் 1,20,000 இருந்தது. அது வந்தால் இதற்குக் கொடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தோம். பழைய வீட்டுக்காரர், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். உங்களில் பெரும்பாலானோர் இதைத்தான் சொல்கிறீர்கள். எங்களிடம் வாங்கிய பணம் வீட்டின் மாடியாகவோ மகள் திருமணமாகவோ மாறிவிட்டிருக்கும், கையில் இருக்காது. ஆனால் புதிய வீட்டுக்காரர் சாவி கொடுக்கும் முன் முழுப் பணத்தையும் கேட்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது குடித்தனக்காரி. என் வளையல்களும் மாமியாரின் இரண்டு வடச் சங்கிலியும் அடகுக்குப் போயின. 1,50,000 ரூபாய்க்கு மாதம் ஒரு வட்டி, நான்கு மாதம். 6,000 ரூபாய். பழைய வீட்டுக்காரர் நான்கு மாதம் கழித்துக் கொடுத்தது 1,20,000 இல்லை, 90,000. ஆகவே நகை முழுவதும் இன்னும் வீடு திரும்பவில்லை.

அந்த 30,000 எங்கே போனது என்று சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே பாதிக் காரணம்.

அது ராம் நகர் பக்கம் ஒரு தரைத்தளப் போர்ஷன். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி என்ன ஆனது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் வைத்திருந்தவர்கள் அவற்றை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே நின்றது. விடியற்காலையில் கழிவறைக் குழி வழியாகத்தான் முதலில் தண்ணீர் வந்தது. பத்து நிமிடத்தில் கணுக்கால், ஒரு மணி நேரத்தில் முழங்கால், மதியத்துக்குள் இடுப்பு. மாமியாரைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனோம். அங்கே இருந்தவர்களும் குடித்தனக்காரர்கள்தான். மூன்று நாள் அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டோம். இறங்கி வந்தபோது குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. மகளின் எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் கூழாகிவிட்டிருந்தன. சுவரைச் சுற்றி, என் இடுப்புக்குச் சரியாக, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு பழுப்புக் கோடு. கூடத்தில், சமையலறையில், பூஜை அலமாரிக்குள்ளும் அதே கோடு.

தை பிறந்ததும் காலி செய்தோம். நான்கு மாதம் கழித்து வீட்டுக்காரர் கணக்கு முடித்தபோது ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பெயிண்ட் 15,500. கதவு இரண்டு 9,500. சுத்தம் செய்ய 5,000. மொத்தம் 30,000. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது அந்தப் பழுப்புக் கோட்டை மறைக்க. கதவு ஊறிப் பெருத்தது அந்தத் தண்ணீரில். ஐந்து நாள் சேற்றை வாரிக் கொட்டியது நானும் என் கணவரும். "ஐயா, மழை நாங்கள் கொண்டுவந்ததா?" என்று கேட்டேன். "வழக்கமாகப் பிடிப்பதுதானே அம்மா" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது வழக்கம், அவ்வளவுதான்.

வழக்கம் என்கிறோமே, சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றிரவுதான் தேடிப் படித்தேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் இரண்டாம் அட்டவணையில் உரிமையாளரின் பொறுப்பாக எழுதியிருக்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச் மாற்றுவது எங்கள் பொறுப்பு. நியாயமான பிரிவினை. நாங்கள் எப்போதும் செய்து வருவதுதான்.

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மறைக்கவில்லை. மூன்று மாத வரம்பு, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைக்கும்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பத்து மாதம் எழுதி வாங்கலாம். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவள் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்? சட்டம் விட்ட இடத்தில் உங்கள் மனம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தையும் நான் கேட்டிருக்கிறேன். வேளச்சேரி வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில், மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய நாளில், பி.எஃப். பணத்தைப் போட்டு மனை வாங்கியவர்கள் உங்களில் எத்தனையோ பேர். பலருக்கு இந்த வாடகைதான் ஓய்வூதியம். ஆறு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போனவர்களையும், போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டவர்களையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஒருவரைக் காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தில்தான் பத்து மாதம் கேட்டீர்கள் என்றால் எனக்குப் புரிகிறது. வாடகை தராதவனை வெளியேற்ற பத்து மாதமாவது ஆகும், அதற்கு ஈடாகப் பத்து மாதப் பணம் கையில் இருக்கட்டும் என்ற கணக்கு.

ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. புதிய சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே நீங்கள் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பயத்துக்கான காரணம் போய்விட்டது. பயத்துக்காக வாங்கிய பணம் மட்டும் போகவில்லை. புதிய சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் ஒன்று செய்ய வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதை மட்டும் நீங்கள் செய்வதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் முத்திரைப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு ஒரு தாள். பதினொரு மாதம் முடிந்தால் அதுவும் இல்லை. எங்கள் ஒப்பந்தம் சென்ற மார்கழியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாய்ப்பேச்சுதான். அதனால்தான் ஒருவர் வாசற்படியில் நின்று ஒரு வாக்கியத்தில் ஐயாயிரம் ஏற்ற முடிகிறது.

பதிவு இல்லாததால் எங்களுக்கு வரும் சிரமம் வாடகையோடு நிற்பதில்லை. எங்கள் ரேஷன் அட்டை இன்னும் திண்டிவனத்தில் மாமனார் வீட்டு முகவரியில் இருக்கிறது. முகவரி மாற்ற ஒரு கையெழுத்துக் கேட்டபோதெல்லாம், "நாளைக்கு வீடே என்னுடையது என்று சொல்ல மாட்டீர்களே?" என்றுதான் பதில் வந்தது. ரேஷன் அட்டையை வைத்து வீடு யாருக்கும் சொந்தமானதில்லை. வெள்ள நிவாரணமாக அரசு 6,000 ரூபாய் கொடுத்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்ற எங்களுக்கு டோக்கன் வரவில்லை. தனியாக விண்ணப்பம் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றேன். வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்ற பலர் என்னைப் போன்ற குடித்தனக்காரர்கள்.

வரி ஏறிவிட்டது என்று சொல்வீர்கள். ஏறியது உண்மை. 2022-இல் மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, அதற்கு மேல் 1,200 வரை 75 விழுக்காடு என்று உயர்ந்தது. அரையாண்டுக்கு 2,000 கட்டிய ஒரு வீட்டுக்கு 3,500 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 250 ரூபாய் கூடுதல். அந்த ஆண்டு எங்கள் வாடகையில் ஏறியது 1,500.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்தது. எங்கள் வீட்டில் தனி இணைப்பு இல்லை, சப் மீட்டர். வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஓடினால் நாங்கள் கொடுப்பது 2,880. தனி இணைப்பு இருந்திருந்தால் அதற்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாயைக்கூடத் தாண்டாது. இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தனி மீட்டர் வாங்க விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

போன் எடுத்ததும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பதைப் பற்றி இந்த மடலில் எழுதப் போவதில்லை. அது பணத்தால் தீராத காரியம். கேட்கும்போது எங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

உங்களில் எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொன்னால் என் முதல் வீட்டுக்காரம்மாவுக்குச் செய்யும் துரோகம் அது. 2009-இல் திருமணமாகி வந்தபோது தண்டீஸ்வரம் நகரில் அவர் வீட்டு மாடிப் போர்ஷனில்தான் பால் காய்ச்சினோம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வாடகை 4,500. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, "மூன்று மாதம் கொடு. அதற்கு மேல் உன் பணம் எனக்கு எதற்கு?" என்றார். அப்போது இந்தச் சட்டம் இல்லை. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதம், 300 ரூபாய் ஏற்றுவார். அதையும் ஐப்பசியிலேயே சொல்லிவிடுவார், பட்ஜெட் போட வேண்டுமே என்று. ஒரு கோடு போட்ட நோட்டில் வாடகை வாங்கிய தேதியை எழுதி எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்குவார். 2014-இல் பிள்ளைகள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது நாங்கள் காலி செய்தோம். சாமான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நோட்டைத் திறந்து 13,500 என்று எழுதியிருந்த முதல் பக்கத்தைக் காட்டி, 500 ரூபாய்த் தாள்களாக இருபத்தேழு எண்ணி, வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்தார். சுவரில் என் மகள் கிரேயான் வைத்துக் கிறுக்கியிருந்தாள். அதைத் துடைக்கட்டுமா என்று கேட்டேன். "இடிக்கப் போகிற சுவர்தானே. இடிக்காவிட்டாலும் குழந்தை கிறுக்குவதற்குக் காசு பிடிப்பார்களா?" என்றார்.

அவர் செய்ததைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மூன்று மாத அட்வான்ஸ். பதிவு செய்த ஒப்பந்தம். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவீர்கள் என்பதை முதல் நாளே அதில் எழுதிவிடுங்கள். அது 5 விழுக்காடோ 8 விழுக்காடோ, தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்வோம். காலி செய்கிற அன்றே முடியாவிட்டாலும் சட்டம் சொல்லும் ஒரு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பத்து மாதம் வாங்கிச் செலவழித்துவிட்டுத் திருப்ப முடியாமல் அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பதைவிட, மூன்று மாதம் வாங்கித் தொடாமல் வைத்திருப்பது உங்களுக்கும் சுலபம். குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் சாக்கடை, தெரு விளக்கு, குப்பை வண்டி எல்லாம் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் ஐந்து பேர் மாறினால் ஆறாவது ஆள் "பக்கத்து வீட்டில் வாங்குகிறார்கள்" என்று சொல்ல முடியாது.

ஆனிக்குள் நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்வதாக முடிவெடுத்துவிட்டோம். 50,000 எடுத்துக் கொடுத்தாலும் மாதம் 5,000 கூடுதலுக்கு வழியில்லை. மகளின் பள்ளி தரமணி சாலைப் பக்கம் இருப்பதால் வேளச்சேரியை விட்டுப் போகாமல் பார்க்கிறோம். நான்கு பேர், நாங்கள் இருவர், மாமியார், மகள். மாமியாருக்கு முழங்கால் வலி, ஆகவே முதல் மாடிக்கு மேல் வேண்டாம். தரைத்தளம் என்றால் 2023-இல் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்போம், உள்ளதைச் சொல்லுங்கள். வாடகை 18,000 வரை கொடுக்க முடியும். மூன்று மாத அட்வான்ஸ் 54,000 ரூபாய் சீட்டு எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்கு முன் பால் காய்ச்சிவிட வேண்டும். இப்படி ஒரு வீடு உங்களிடம் இருந்தால், டூ லெட் பலகையில் வாடகைக்குக் கீழே "அட்வான்ஸ் மூன்று மாதம்" என்று எழுதி மாட்டுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் நானும் என் மகளும் தெருத் தெருவாகப் பலகைகளைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறோம்.

இப்படிக்கு,
வேளச்சேரியின் ஒரு குடித்தனக்காரி